பரிமாறும் வயது

நம் முன்னோர்கள் மனிதனின் வயதை எண்ணிக் கொண்டாடியதில் ஒரு விசித்திரமான இடைவெளி இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது முடிந்தால் ஆண்டு நிறைவு. அதற்கு அடுத்த பெரிய விழா 60-ல்தான் வருகிறது. பிறகு 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம். நடுவே கிடக்கும் வருஷங்களுக்கெல்லாம் ஜன்ம நட்சத்திரத்தன்று ஓர் எண்ணெய்க் குளியல், கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம், அவ்வளவுதான். சில குடும்பங்களில் பையனுக்குப் பூணூல் உண்டு. பல குடும்பங்களில் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு உண்டு. ஆனால் அவை வயதை எண்ணி நாள் குறித்து வருகிறவை அல்ல.

பதினாறு என்ற எண்ணுக்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டு: மார்க்கண்டேயன். ஆனால் அந்தக் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மகனுடைய பதினாறாம் வயது நெருங்கியபோது அவனைப் பெற்றவள் என்ன பலகாரம் செய்யலாம் என்று யோசித்திருக்க முடியுமா? யமன் வருகிற நாள் அல்லவா அது! பையனுக்காக யமன் உதைபட்ட தலம் என்று சொல்லப்படும் திருக்கடையூரில் நாம் இன்று கொண்டாடுவதெல்லாம் அறுபதும் எண்பதும்தான்.

பதினெட்டுக்குச் சிறப்பைத் தந்தது சாஸ்திரம் அல்ல, சர்க்கார். 1875-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பதினெட்டு நிரம்பியவரை மேஜர் என்றது. வாக்குரிமை நெடுங்காலம் 21 வயதில்தான் கிடைத்து வந்தது. 1989-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் அதையும் பதினெட்டுக்குக் கொண்டுவந்தது. ஆகவே பதினெட்டாவது பிறந்த நாள் காலையில் கண் விழிக்கிற பிள்ளை, முதல் நாள் இரவு படுத்த பிள்ளை அல்ல. அதன் கையெழுத்துக்கு இப்போது மதிப்பு உண்டு.

அந்த நாளை இன்றைய நடுத்தரக் குடும்பங்கள் ஒரு சின்னக் கல்யாணமாகவே நடத்துகின்றன. ஹால் பிடிக்கிறார்கள். கேட்டரிங்காரர் வந்து உட்கார்ந்து, “பிளேட்டுக்கு இவ்வளவு ஆகும் சார்” என்று ஆரம்பிக்கிறார். சூப் எது, ஸ்டார்ட்டர் எத்தனை, பிரியாணி கோழியா ஆடா, பன்னீரில் என்ன, ஐஸ்கிரீமில் என்ன என்று விவாதம் நடக்கிறது. மேலுக்கு இது சமையற்கட்டுச் சங்கதி. எனக்கென்னவோ இது தர்ம சாஸ்திரத்தைச் சேர்ந்த கேள்வியாகத் தோன்றுகிறது. விருந்து யாருக்காக? அதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? கரண்டியைப் பிடிக்க வேண்டியவர் யார்? ஒரு மனிதப் பிறவி வளர்ந்துவிட்டது என்பதற்குச் சாப்பாட்டில் ஏதாவது அடையாளம் உண்டா?

விருந்து என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் இலையும் வடையும்தான் கண்முன் நிற்கின்றன. அதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் பாடப்படும் ஒரு வகைச் செய்யுளுக்கே விருந்து என்று பெயர் வைத்திருக்கிறது. புதுமையிலிருந்து அந்தச் சொல் புதிதாக வந்த மனிதருக்குப் பெயராயிற்று. அந்த மனிதருக்குப் போடும் சோற்றுக்கு வந்தது பிறகுதான். இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். நமக்கு முதலில் சோறு, பிறகுதான் ஆள்.

திருக்குறளின் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். விருந்தைப் பற்றிப் பத்துக் குறள் எழுதிய அந்த மனிதர் அதில் ஒரு பதார்த்தத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. விருந்தினரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தான் மட்டும் உண்பது அமுதமே ஆனாலும் தகாது என்கிறார். வந்தவர் உண்டு மிஞ்சியதை உண்பவனைப் பற்றிச் சொல்கிறார். முடிவாக, முகம் சற்று மாறினாலே விருந்தினர் வாடிப் போய்விடுவார் என்று ஒரு பூவை உவமை காட்டி முடிக்கிறார். சமையல் குறிப்பு ஒன்றுமில்லை. எல்லாம் முகத்தைப் பற்றிய குறிப்புகள். நம்முடைய கேட்டரிங்காரர் இந்த அதிகாரத்தைப் படித்தால் இதிலிருந்து ஒரு பிளேட் கணக்கும் தேறாது என்று வைத்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாம்பரத்தை அடுத்த ஒரு குடியிருப்பு. தந்தை அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. தாய் பள்ளி ஆசிரியை. மூத்த பெண்ணுக்கும் அவளுக்கு இளைய பையனுக்கும் மூன்று வயது வித்தியாசம். பெண்ணுக்குப் பதினெட்டு நிறைவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த நண்பர் என்னைப் பார்க்க வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜாபிதாவை எடுத்து நீட்டினார். மட்டன் பிரியாணியில் தொடங்கிப் பீடாவில் முடிந்தது அது. எண்ணிப் பார்த்தேன், 22 அயிட்டங்கள். 120 பேருக்கு.

“ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா, பாருங்கள் சார். நாலு பேர் குறை சொல்லக் கூடாது, அதுதான்” என்றார்.

அவருடைய மகளும் கூட வந்திருந்தாள். அவள் கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். “நானும் ஒன்று எழுதியிருக்கிறேன் மாமா” என்று கொடுத்தாள். அதில் ஒரு பதார்த்தத்தின் பெயரும் இல்லை. இருபத்து மூன்று பெயர்கள்; எல்லாம் அவளுடைய சிநேகிதர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. ஒருத்திக்கு எதிரே, “வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது, இருட்டினால் சாப்பிட மாட்டாள்.” இன்னொருத்திக்கு எதிரே, “இன்சுலின்.” ஒரு பையனுக்கு எதிரே, “ஆறரைக்கு டியூஷன்.” மற்றொரு பெண்ணுக்கு எதிரே, “பரிசு கொண்டு வரச் சொல்லக் கூடாது.” கடைசியாக ஒருவனுக்கு எதிரே, “நிறையச் சாப்பிடுவான், கூச்சப்படுவான்.”

தந்தையின் ஜாபிதாவில் பண்டங்கள் இருந்தன. மகளின் ஜாபிதாவில் மனிதர்கள் இருந்தார்கள். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சட்டம் இந்தப் பெண்ணை மேஜர் என்று ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு மாதம் காத்திருப்பது அநாவசியம் என்று எனக்குப் பட்டது.

நண்பரை நான் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது. அவர் ஆடம்பரக்காரர் அல்ல. “எல்லார் வீட்டிலும் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம் சார். திருப்பி ஒரு வேளை போட வேண்டாமா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாப்பிட்ட சோற்றுக்குத் திருப்பிச் சோறு போட வேண்டும் என்ற உணர்ச்சிதான் நம் ஊர்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிற கயிறு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் மொய் விருந்து என்றே ஒரு முறை இருக்கிறது. ஆடி பிறந்தால் பந்தல் போட்டு விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் உண்டுவிட்டு மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது திரும்பிப் போகும். அந்தப் பணத்தால் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. கடனை அடைத்து நிமிர்ந்தவர்களும் உண்டு. கணக்கு வைத்துப் போடும் விருந்து கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இலை போடுகிறவனுக்கும் உண்கிறவனுக்கும் அது கணக்கு என்று தெரியும். ஒளிவு மறைவு இல்லை.

நம் பிறந்த நாள் விருந்துகளில் கணக்கு இருக்கிறது, நோட்டு இல்லை. தகப்பனாருடைய கடனைத் தீர்க்கப் பெண்ணுடைய பிறந்த நாளை உபயோகப்படுத்துகிறோம். அதை அவளுக்குச் சொல்வதும் இல்லை. மேடையில் கேக்குக்குப் பின்னால் அவளை நிறுத்துகிறோம். 120 பேரில் 90 பேரை அவளுக்குத் தெரியாது. அவர்கள் அப்பாவின் அதிகாரிகள், அம்மாவின் தலைமையாசிரியை, சித்தப்பாவின் சம்பந்தி வீட்டார். அவள் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துக் கடைசியில் சாப்பிட உட்காரும்போது பிரியாணி ஆறிப் போயிருக்கிறது. அவளுடைய சிநேகிதர்கள் ஒரு மூலையில் தங்களுக்குள் உண்டு முடித்துப் போய்விட்டிருக்கிறார்கள். கடனைத் தீருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அறுபதுக்கு அழையுங்கள், கிரகப்பிரவேசத்துக்கு அழையுங்கள். குழந்தையின் நாளை அடமானம் வைக்க வேண்டாம்.

இதை நான் நண்பரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. “செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று பெண்ணிடம் சொல்லியிருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டேன். அவர் திடுக்கிட்டார். வீட்டு வருமானம் என்ன, கடன் என்ன, கையில் என்ன என்பதைப் பிள்ளைகளிடம் சொல்வது நம் வீடுகளில் ஏதோ அபசகுனம் போல. அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொன்னாராம். அந்தத் தொகையில் கால் பங்கு போதும் என்று பெண் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அவள் கணக்கு எப்படிப் போயிற்று என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு விருந்தை மனிதர்களிடமிருந்து தொடங்கினால் பதார்த்தங்கள் தாமாகவே எப்படி வந்து சேர்கின்றன என்பது அதில் தெரிகிறது.

முதலில் நேரம். தந்தை இரவு ஏழு மணி என்று வைத்திருந்தார். சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஜைனப் பெண் சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டாள். டியூஷன் பையன் ஆறரைக்குப் போயாக வேண்டும். ஆகவே மாலை நாலரை. நாலரை என்றால் சாப்பாடு அல்ல, டிபன். டிபன் என்றதும் பிரச்னையில் பாதி தீர்ந்தது. வெங்காயமும் பூண்டும் கிழங்கும் இல்லாத விருந்து என்று சொன்னால் கேட்டரிங்காரர் தலையைச் சொறிவார். ஆனால் நம் வீட்டு மாலைப் பலகாரங்களை எண்ணிப் பாருங்கள்: எலுமிச்சம்பழச் சேவை, தேங்காய்ச் சேவை, வாழைக்காய் பஜ்ஜி, வெங்காயம் போடாத மெதுவடை, தேங்காய்ச் சட்னி, கேசரி. ஒருத்திக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் வந்து உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுவதையே தானும் சாப்பிடலாம். விருந்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த வீட்டுப் பாட்டி உடனே கோதுமை ரவை உப்புமா தனியே கிண்டித் தருவதாகச் சொன்னாள். பேத்தி தடுத்துவிட்டாள். எல்லாருக்கும் எதிரில் ஒரு தனித் தட்டை நீட்டி, “உனக்காகச் சர்க்கரை இல்லாமல் செய்தது” என்று உரக்கச் சொல்கிற அன்பு இருக்கிறதே, அது அந்தப் பெண்ணின் நெற்றியில் நோயாளி என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். பேத்தி முதல் நாளே சிநேகிதிக்கு என்னென்ன பலகாரம், எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அது தெரிந்தால் மருந்தின் அளவை அவளே கணக்குப் பார்த்துக்கொள்வாள். தினமும் அதுதானே அவள் செய்துகொண்டிருப்பது? கருணைக்கு வாய் அதிகம். மரியாதை முன்கூட்டியே யோசித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

“பரிசு கொண்டு வரச் சொல்லக் கூடாது” என்று எழுதியிருந்தது ஓர் இஸ்திரி வண்டிக்காரரின் மகளுக்கு எதிரே. நல்ல படிப்பாளி. மற்றவர்கள் வீட்டுப் பிறந்த நாளுக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது காரணம் சொல்லி வராமல் இருந்துவிடுவாள். வெறுங்கையோடு வர வெட்கம், திருப்பி அழைக்க முடியாத வெட்கம். அவளை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவச் சொன்னால் என்ன என்று தாய் யோசனை சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது அல்லவா? மற்றவர்கள் உடுத்திக்கொண்டு வரும்போது இவள் ஒருத்தி மட்டும் அடுப்பங்கரையில் நின்றால் அதற்கு வேறு பெயர். பெண் யோசித்து வேறொன்று செய்தாள். இருபத்து மூன்று பேரையும் மூன்றரைக்கே வரச் சொன்னாள். ஒருவர் மாவு கரைக்க, ஒருவர் தேங்காய் துருவ, இருவர் சேவை நாழியைப் பிழிய. எல்லாரும் வேலை செய்கிற இடத்தில் யாரும் வேலைக்காரர் இல்லை. அன்றைக்கு யாரும் பரிசு கொண்டு வரக் கூடாது என்பதும் எல்லாருக்கும் பொதுவான கட்டளை. இஸ்திரி வண்டிக்காரரின் மகள் முதல் ஆளாக வந்து நின்றாள் என்று கேள்விப்பட்டேன்.

இனி, பிரியாணி. அதைத் தாண்டிப் போகவும் முடியாது, தாண்டவும் கூடாது.

இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் பெரியவர்கள் சொல்லும் சுலபமான தீர்ப்பு ஒன்று உண்டு: “எதற்கு வம்பு? எல்லாருக்கும் சைவமாகவே போட்டுவிடலாம். சைவம் எல்லாரும் சாப்பிடலாமே.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மாமிசம் உண்பவர் ஒரு வேளை விட்டுக்கொடுத்தால் குடியா முழுகிப் போகும்? போகாது. ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்லும்போதெல்லாம் ஒரே பக்கத்தாரையே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்துச் சாப்பாட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது என்ற பாடத்தையும் சேர்த்துப் பரிமாறுகிறோம். தானாக விட்டுக்கொடுப்பது விருந்தோம்பல். எப்போதும் ஒருவனையே விட்டுக்கொடுக்க வைப்பது அதிகாரம்.

இளம் பிள்ளைகள் சாப்பிடும் இடம் எவ்வளவு கூர்மையான இடம் என்பதைத் தமிழ்நாடு நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே கண்டிருக்கிறது. தமிழ்ச் சிறுகதைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான வ.வே.சு. ஐயர் 1922-ல் சேரன்மாதேவியில் குருகுலம் ஒன்று தொடங்கினார். தேச பக்தியும் தமிழும் உடல் உழைப்பும் கலந்த கல்வி, உயர்ந்த நோக்கம். ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குச் சாப்பாடு தனியாக என்ற செய்தி வெளியே வந்ததும் நாடு கொதித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேள்வி எழுப்பினார்கள். காங்கிரஸே அதில் ஆட்டம் கண்டது. ஐயர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. அந்த 1925-ஆம் ஆண்டிலேயே பாபநாசம் அருவியில், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அன்று நாட்டைக் கொதிக்க வைத்தது என்ன சமைத்தார்கள் என்பதல்ல. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான். குழந்தை நாக்கின் ருசியை மறந்துவிடும். தன்னை எழுப்பி வேறிடத்தில் உட்கார வைத்ததை ஆயுள் முழுவதும் மறக்காது.

ஆகவே கரண்டியைப் பிரிக்கலாம். பந்தியைப் பிரிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த வரையில் இந்த விஷயத்தில் இதுதான் விதி. அந்தப் பெண் ஜைனத் தோழியிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறாள். “நீங்கள் சாப்பிடுங்கள். என் தட்டில் கலக்காமல் இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை” என்று அவள் சொல்லியிருக்கிறாள். டிபன் எல்லாருக்கும் முதலில் ஆயிற்று. ஆறு மணி சுமாருக்கு, பக்கத்து பாய் கடையிலிருந்து இரண்டு கிலோ அரிசிக் கோழிப் பிரியாணி தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியோடு வந்தது. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்பது கல்யாணக் கணக்கு. ஏற்கெனவே பலகாரம் தின்றிருந்த வயிறுகள்தான் என்றாலும் பதினெட்டு வயது வயிறுகளாயிற்றே! பாத்திரம் காலியாயிற்று. உண்ணாதவர்களும் அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நிறையச் சாப்பிட்டுக் கூச்சப்படுகிற பையனுக்கு எதிரில் பாத்திரத்தையே வைத்துவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாளாம். அவன் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

எல்லாம் அழகாகவே நடந்தது என்று சொன்னால் கதையாகிவிடும். பஜ்ஜி சுடச்சுடப் போட முடியவில்லை. இருபது பேர் காத்திருந்தார்கள். கேசரி பற்றவில்லை. தந்தையின் அலுவலகத்தில் இரண்டு பேர், “பெண்ணுக்குப் பிறந்த நாளாமே, சொல்லவே இல்லையே” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். நண்பருக்கு அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, என் வாசகிகளில் சிலர் என்னை ஒரு கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். “பதினெட்டு வயதுப் பெண் தன் பிறந்த நாளிலும் நின்று மற்றவர்களுக்குச் செய்ய வேண்டுமா? பரிமாறுவது வளர்ந்ததன் அடையாளம் என்கிறீர்கள். எங்களைப் பத்து வயதிலேயே கரண்டியைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்களே! தம்பி தின்ற பிறகு, அப்பா தின்ற பிறகு, அடிச்சட்டியில் இருந்ததைத் தின்றுதானே வளர்ந்தோம்? அப்போது எங்களை யாரும் மேஜர் என்று சொல்லவில்லையே?”

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. கேள்வி சரியானது. நம் வீடுகளில் விருந்தோம்பல் என்ற தர்மத்தை இரண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். யாரை அழைப்பது, எவ்வளவு செலவழிப்பது, என்ன போடுவது என்று தீர்மானிப்பது ஒரு துண்டு. அரைத்து, வேக வைத்து, குனிந்து பரிமாறி, எச்சிலை எடுப்பது இன்னொரு துண்டு. முதல் துண்டை ஆண்களுக்கும் இரண்டாவதைப் பெண்களுக்கும் கொடுத்தோம். தீர்மானித்தவன் கை நனையவில்லை. கை நனைந்தவளை யாரும் யோசனை கேட்கவில்லை. இரண்டு பேருமே பாதி மனிதர்களாக நின்றுவிட்டார்கள். பரிமாறாமல் தீர்மானித்தவனுக்கு விருந்தினரின் முகம் தெரியாது. அவன் ஜாபிதாவில் 22 அயிட்டங்கள்தான் இருக்கும். தீர்மானிக்காமல் பரிமாறியவளுக்கு விருந்தினரின் முகம் நன்றாகத் தெரியும்; ஆனால் அந்த அறிவு அடுப்பங்கரையைத் தாண்டாது.

ஒரு பிள்ளை பெரிய மனிதராவது இந்த இரண்டு துண்டும் ஒரே கையில் சேரும்போதுதான். ஆகையால் பதினெட்டு நிறைகிற பெண்ணுக்குத் தர வேண்டியது தீர்மானிக்கிற உரிமை; பரிமாறுகிற பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே போதிய அளவு இருக்கும். பதினெட்டு நிறைகிற பையனுக்குத் தர வேண்டியது கரண்டி. உரிமைகள் அவனுக்குக் கேட்காமலே வந்திருக்கும். அந்தத் தாம்பரம் வீட்டில் அன்று தாயை ஜமுக்காளத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பஜ்ஜித் தட்டோடு நடந்தவர் சூப்பிரண்டு. பாத்திரம் தேய்த்தவன் தம்பி, முணுமுணுத்துக்கொண்டேதான் தேய்த்தானாம். பரவாயில்லை. அவனுக்குப் பதினெட்டு வர இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பிறந்த நாளன்று அநாதை இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுவது இப்போது பரவி வருகிறது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் நடப்பது என்ன? நான் ஓர் இல்லத்தில் பார்த்தேன். மத்தியானம் ஒரு மணி. சிறுவர்கள் தட்டுக்கு முன்னால் எழுந்து நிற்கிறார்கள். சாம்பார் ஆவி பறக்கிறது. பட்டுச் சட்டை போட்ட யாரோ ஒரு பையனுக்கு அவர்கள் வாழ்த்துப் பாட வேண்டும், பிறகு கை கூப்ப வேண்டும், பிறகு போட்டோ, அதற்குப் பிறகுதான் சோறு. முன் வரிசையில் நின்ற சின்னப் பயல் ஒருவன் பாடிக்கொண்டே அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவனுக்கும் எங்கேயோ ஒரு நாள் பிறந்த நாள் வருமல்லவா? அது எந்தத் தேதி என்று அவனுக்குத் தெரியுமா?

பசித்த பிள்ளையிடம் நன்றியை முன்பணமாக வாங்கிக்கொண்டு போடுகிற சோற்றுக்கு விருந்து என்று பெயர் சொல்லாதீர்கள். செய்ய மனம் இருந்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கி, பெயர் சொல்லாமல், பிறந்த நாள் அல்லாத ஒரு நாளில் அனுப்பிவிடுங்கள். அல்லது உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், அந்தப் பிள்ளைகளுக்குப் பரிமாறச் சொல்லி, பிறகு அதே வரிசையில், அதே தட்டில், அதே சாம்பாரை அவனையும் சாப்பிடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பையனின் பெயரை அவன் தெரிந்துகொண்டு வரட்டும். பெயர் தெரியாமல் போட்ட சோறு தானம். அது நல்லதுதான். பெயர் தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்து உண்டால்தான் அது விருந்து.

உங்கள் வீட்டில் இந்த வருஷம் யாருக்காவது பதினெட்டு நிறைகிறதா? கேட்டரிங்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். யார் யார் வருவார்கள், அவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது, யார் கூச்சப்படுவார்கள், யார் சீக்கிரம் போக வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தால், உங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம். எழுதத் தெரியாமல் விழித்தால் அதற்கும் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “சரி, முதலில் வருகிறது யார்?” என்று கேளுங்கள். என்ன சமைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.